பீர்மேட்டில் மொழியியல் பட்டத்துக்கு வேலை உண்டு, பணியிடம்தான் இல்லை

புதுதில்லி: கேரள சட்டப்பேரவையில் 2021 மே 24ஆம் தேதி, தேவிகுளம் தொகுதியில் வென்ற மார்க்சிஸ்ட் கம்யூனிஸ்ட் உறுப்பினர் ஏ. ராஜா தமிழில் பதவிப் பிரமாணம் எடுத்துக்கொண்டார். இடுக்கி மாவட்டத் தமிழர்களுக்கு அது பெருமைக்குரிய தருணம். ஆனால், அவர் கையில் தரப்பட்ட தமிழ் வாசகத்தில் ஒரு குறை இருந்தது. கடவுளின் பெயரால் ஆணையிடுவதாகவோ, உளமார உறுதி கூறுவதாகவோ அதில் எங்கும் சொல்லப்படவில்லை. இரண்டில் ஒன்றைச் சொல்லியாக வேண்டும் என்பது அரசியல் சட்டத்தின் மூன்றாவது அட்டவணை விதிக்கும் கட்டாயம். சட்டத் துறை தயாரித்த மொழிபெயர்ப்பில் அந்தச் சொற்கள் விடுபட்டிருந்தன. ஜூன் 2ஆம் தேதி அவர் மீண்டும் பிரமாணம் எடுக்க நேர்ந்தது. முறையாகப் பிரமாணம் எடுக்காமல் 5 நாள்கள் அவையில் அமர்ந்ததற்காக, நாளொன்றுக்கு ரூ. 500 வீதம் ரூ. 2,500 அபராதமும் விதிக்கப்பட்டது.

சட்டப்பேரவை உறுப்பினருக்கு நேர்ந்ததால் இந்தப் பிழை வெளியே தெரிந்தது. இதே பிழை ஒரு தோட்டத் தொழிலாளியின் வாக்குமூலத்திலோ, வீட்டுவரி நோட்டீஸிலோ, மருத்துவமனையில் கையெழுத்து வாங்கும் ஒப்புதல் படிவத்திலோ நேர்ந்திருந்தால் கேட்பதற்கு ஆளிருந்திருக்காது.

ஒரு மொழியில் உள்ள சட்ட வாசகத்தை மற்றொரு மொழிக்குப் பொருள் சிதையாமல் கொண்டுசெல்வது, தாய்மொழி வேறாக உள்ள குழந்தைக்கு இன்னொரு மொழியைக் கற்பிப்பது, எழுத்தில்லாத மொழியைப் பதிவு செய்வது, கணினிக்கு மொழியைப் புரியவைப்பது ஆகியவற்றுக்கென்றே ஒரு படிப்பு இருக்கிறது. அது பயன்பாட்டு மொழியியல். முதுகலைப் பட்டமாகவும் ஆய்வுப் பட்டமாகவும் இந்தியப் பல்கலைக்கழகங்களில் பல ஆண்டுகளாகக் கற்பிக்கப்படுகிறது. இந்தப் பட்டத்தைப் பெற்றால் என்ன வேலை கிடைக்கும், என்ன சம்பளம் கிடைக்கும் என்ற கேள்விக்குத் தில்லியிலோ ஹைதராபாத்திலோ ஒரு விடை உண்டு. தேவிகுளத்துக்குத் தெற்கே, அதே மாவட்டத்தில் உள்ள பீர்மேட்டிலிருந்து கேட்டால் விடை வேறு.

சட்டம் கொடுத்த வாக்கு

கோட்டயத்திலிருந்து குமுளிக்கு ஏறும் மலைச்சாலையில் உள்ளது பீர்மேடு. வண்டிப்பெரியாறு, ஏலப்பாறை, குமுளி ஆகிய ஊர்களைச் சுற்றியுள்ள தேயிலை, ஏலத் தோட்டங்களில் தலைமுறை தலைமுறையாக வேலை செய்துவருபவர்களில் பெரும் பகுதியினர் தமிழர்கள். 1956 நவம்பர் 1ஆம் தேதி மாநிலங்கள் மொழிவாரியாகப் பிரிக்கப்பட்டபோது தோவாளை, அகஸ்தீஸ்வரம், கல்குளம், விளவங்கோடு வட்டங்கள் சென்னை மாகாணத்துக்கு வந்தன. செங்கோட்டையின் பெரும் பகுதியும் வந்தது. தேவிகுளமும் பீர்மேடும் வரவில்லை. ஃபசல் அலி தலைமையிலான மாநில மறுசீரமைப்பு ஆணையம் அவற்றைக் கேரளத்துடன் சேர்க்கும்படி 1955இல் பரிந்துரைத்திருந்தது. அந்த வரலாற்றை மீண்டும் வாதிடுவதில் இன்று பயனில்லை. ஆனால், எல்லை வகுத்த அதே ஆண்டில் எல்லைக்கு அப்பால் நின்றுவிட்டவர்களுக்கு அளிக்கப்பட்ட வாக்குறுதிகள் இன்றும் ஏட்டில் உள்ளன.

அரசியல் சட்டத்தின் ஏழாவது திருத்தம் 350அ, 350ஆ என்ற இரு பிரிவுகளைச் சேர்த்தது. முதலாவது, மொழிச் சிறுபான்மையினரின் குழந்தைகளுக்குத் தொடக்கக் கல்வியைத் தாய்மொழியில் வழங்க மாநிலங்கள் முயல வேண்டும் என்கிறது. இரண்டாவது, மொழிச் சிறுபான்மையினருக்கென ஒரு சிறப்பு அலுவலரை நியமிக்கச் சொல்கிறது. அதே 1956இல் மத்திய அரசு வெளியிட்ட குறிப்பாணை இன்னும் தெளிவானது. ஒரு மாவட்டத்திலோ வட்டத்திலோ மொழிச் சிறுபான்மையினர் 15 சதவீதத்துக்கு மேல் இருந்தால், முக்கியச் சட்டங்கள், விதிகள், அறிவிப்புகள் ஆகியவற்றை அவர்கள் மொழியிலும் வெளியிட வேண்டும் என்பது அதன் சாரம். வகுப்பில் 10 மாணவர்கள் அல்லது பள்ளியில் 40 மாணவர்கள் இருந்தால் அந்த மொழியில் கற்பிக்க ஆசிரியர் தர வேண்டும் என்ற விதி அதற்கும் முந்தையது.

2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் கேரளத்தில் தமிழைத் தாய்மொழியாகச் சொன்னவர்கள் ஏறத்தாழ 5 லட்சம் பேர். இடுக்கி மாவட்டத்தில் ஆறில் ஒருவர் தமிழர். ஆக, 15 சதவீத வரம்பை மாவட்டமே தாண்டிவிட்டது. கேரள ஆட்சிமொழிச் சட்டமும் 1969 முதல் தமிழ், கன்னடச் சிறுபான்மையினருக்கு அரசுடன் தங்கள் மொழியில் கடிதப் போக்குவரத்து நடத்தும் உரிமையைத் தருகிறது.

இவ்வளவும் நடைமுறைக்கு வர மொழிபெயர்ப்பாளர்கள் வேண்டும். மொழிபெயர்த்ததைச் சரிபார்ப்பவர்கள் வேண்டும். இருமொழிப் பாடநூல் எழுதத் தெரிந்தவர்கள் வேண்டும். சட்டம் உரிமையைத் தந்திருக்கிறது. அந்த உரிமையைச் செயல்படுத்தும் ஆளுக்கு ஒரு பதவியை உருவாக்கத்தான் மறந்துவிட்டது. மொழிச் சிறுபான்மையினர் ஆணையரின் அறிக்கைகள் நாடாளுமன்றத்தின் இரு அவைகளிலும் வைக்கப்பட வேண்டும் என்பது 350ஆ பிரிவின் கட்டளை. வைக்கப்பட்ட அறிக்கைகள் அவையில் விவாதமாவது அரிது.

இந்திக்கு ஏணி, தமிழுக்குப் படிக்கட்டு

மத்திய அரசில் மொழி அறிவுக்கென்றே தொடர்ச்சியான பதவி உயர்வுடன் ஒரு பணித்தொகுதி உண்டு. அது மத்தியச் செயலக ஆட்சிமொழிப் பணி. பணியாளர் தேர்வாணையம் நடத்தும் தேர்வில் வென்று இளநிலை மொழிபெயர்ப்பு அலுவலராகச் சேர்ந்தால், ஏழாவது ஊதியக் குழுவின் அட்டவணைப்படி 6ஆவது நிலையில் தொடக்க அடிப்படை ஊதியம் ரூ. 35,400. முதுநிலை அலுவலருக்கு ரூ. 44,900. உதவி இயக்குநராக உயர்ந்தால் 10ஆவது நிலை, ரூ. 56,100. இதற்கு மேல் அகவிலைப்படி, வீட்டு வாடகைப்படி தனி. பொதுத்துறை வங்கிகளில் ஆட்சிமொழி அலுவலர் என்று ஒரு பதவி இருக்கிறது. 2024இல் கையெழுத்தான ஊதிய ஒப்பந்தப்படி முதல் நிலை வங்கி அதிகாரியின் தொடக்க அடிப்படை ஊதியம் ரூ. 48,480.

இவையனைத்தும் இந்திக்கும் ஆங்கிலத்துக்கும் இடையிலான மொழிபெயர்ப்புப் பணிகள். இந்தியிலோ ஆங்கிலத்திலோ முதுகலைப் பட்டமும், மற்றதைப் பட்டப்படிப்பில் பாடமாகப் படித்திருப்பதும் தகுதி. மொழியியலில் முதுகலை படித்தவர் இந்தியை அந்த அளவுக்குப் படித்திருந்தால் மட்டுமே உள்ளே நுழையலாம். 1976ஆம் ஆண்டின் ஆட்சிமொழி விதிகள் தமிழ்நாட்டுக்குப் பொருந்தாது என்று அந்த விதிகளின் முதல் பிரிவே சொல்கிறது. கேரளத்துக்கு அந்த விலக்கு இல்லை. அதனால் பீர்மேட்டில் ஒரு மத்திய அரசு அலுவலகத்தின் பெயர்ப்பலகை மலையாளம், இந்தி, ஆங்கிலம் என மும்மொழியில் இருக்கும். அந்த மலையில் வீட்டு மொழியாக இந்தியைப் பேசியவர்கள் அண்மைக் காலம்வரை விரல்விட்டு எண்ணத்தக்கவர்களே. ஆறில் ஒருவர் பேசும் மொழிக்கு அந்தப் பலகையில் இடமும் இல்லை. அதை எழுதப் பதவியும் இல்லை.

இது இந்தி மீதான குறையன்று. இந்திக்குச் சட்டம் ஒரு கடமையை வகுத்தது. கடமையிலிருந்து பணியிடம் பிறந்தது. பணியிடத்துக்காக மாணவர்கள் இந்தி முதுகலை படித்தார்கள். 1963ஆம் ஆண்டின் ஆட்சிமொழிச் சட்டம் எந்தெந்த ஆவணங்கள் இருமொழியில் இருக்க வேண்டும் என்று பட்டியலிட்டதால்தான் இத்தனை ஆயிரம் பக்கங்களை மொழிபெயர்க்க ஆள் தேவைப்பட்டது. மொழிச் சிறுபான்மையினருக்கான 1956 குறிப்பாணையும் ஒரு கடமையைத்தான் வகுத்தது. ஆனால் அதற்குச் சட்ட வலு இல்லை. அதனால் பணியிடமும் இல்லை.

நாடாளுமன்றத்தில் மட்டும் நிலைமை சற்று மாறியிருக்கிறது. உறுப்பினர்கள் தாய்மொழியில் பேசுவதை உடனுக்குடன் மொழிபெயர்க்கும் வசதி தமிழ் உள்ளிட்ட 10 பிராந்திய மொழிகளுக்கு முன்பே இருந்தது. 2025 பிப்ரவரியில் போடோ, டோக்ரி, மைதிலி, மணிப்பூரி, உருது, சம்ஸ்கிருதம் ஆகிய 6 மொழிகள் சேர்க்கப்படுவதாக மக்களவைத் தலைவர் ஓம் பிர்லா அறிவித்தார். பேசுவோர் மிகக் குறைந்த சம்ஸ்கிருதத்துக்கு வரிப்பணம் எதற்கு என்று திமுக உறுப்பினர் தயாநிதி மாறன் அவையிலேயே கேட்டதும், அதற்கு மக்களவைத் தலைவர் கடுமையாகப் பதிலளித்ததும் வாசகர்களுக்கு நினைவிருக்கும். அதே ஆண்டு ஆகஸ்டில் காஷ்மீரி, கொங்கணி, சந்தாலி ஆகியவையும் சேர்ந்தன. நாடாளுமன்றச் செயலகத்தில் நிரந்தரப் பதவியில் உள்ள உடனடி மொழிபெயர்ப்பாளருக்கு 10ஆவது நிலை ஊதியம். அதாவது ஒரு இளம் ஐ.ஏ.எஸ். அதிகாரி பணியில் சேரும்போது பெறும் அதே அடிப்படை ஊதியம். ஆனால் பிராந்திய மொழிகளுக்கு ஆலோசகர் என்ற பெயரில் ஒப்பந்த அடிப்படையிலும் ஆள் எடுக்கப்படுகிறது. கூட்டத்தொடர் நடக்கும் நாள்களுக்கு மட்டும் அமர்த்தப்படுபவரிடம், மற்ற நாள்களில் என்ன செய்வீர்கள் என்று யாரும் கேட்பதில்லை.

பல்கலைக்கழகப் பணி இன்னும் கண்ணியமானது; கிடைப்பதும் இன்னும் அரிது. மொழியியலில் தேசியத் தகுதித் தேர்வு எழுதி இளநிலை ஆய்வு உதவித்தொகை பெற்றால், 2023 முதல் உயர்த்தப்பட்ட விகிதப்படி முதல் இரண்டு ஆண்டுகளுக்கு மாதம் ரூ. 37,000. பின்னர் ரூ. 42,000. உதவிப் பேராசிரியரானால் தொடக்க அடிப்படை ஊதியம் ரூ. 57,700. ஆனால் மொழியியல் துறை இருக்கும் பல்கலைக்கழகங்கள் சில மட்டுமே. கல்லூரிகளில் மொழியியல் துறை பெரும்பாலும் இல்லை. அண்ணாமலைப் பல்கலைக்கழகம், பாரதியார் பல்கலைக்கழகம், தஞ்சைத் தமிழ்ப் பல்கலைக்கழகம், திருவனந்தபுரத்தில் கேரளப் பல்கலைக்கழகம், குப்பத்தில் திராவிடப் பல்கலைக்கழகம், ஹைதராபாத் பல்கலைக்கழகத்தின் பயன்பாட்டு மொழியியல் மற்றும் மொழிபெயர்ப்பியல் மையம் என்று தென்னகத்தின் பட்டியலை விரைவில் சொல்லி முடித்துவிடலாம்.

மைசூரில் 1969இல் தொடங்கப்பட்ட இந்திய மொழிகளின் மத்திய நிறுவனம்தான் இந்தத் துறையின் தாய்வீடு. தேசிய மொழிபெயர்ப்பு இயக்கம், மொழித் தரவுத் தொகுப்பு, அழியும் நிலையிலுள்ள மொழிகளைப் பதிவு செய்யும் திட்டம் என்று 2007க்குப் பின் அங்கு திட்டங்கள் பெருகின. திட்டங்களில் சேர்பவர்களில் பலருக்குத் தொகுப்பூதியம்; ஒப்பந்தக் காலம் முடிந்தால் புதுப்பிக்க வேண்டும். அகவிலைப்படியும் ஓய்வூதியமும் இல்லாத வேலையில் முப்பது வயதைக் கடந்தவர்கள் பிறகு பி.எட். படிக்கத் திரும்புவதும் உண்டு.

மலையின் கணக்கு

பீர்மேட்டில் ஒரு பட்டத்தின் மதிப்பை எதனுடன் ஒப்பிட்டுப் பார்க்கிறார்கள் என்பதைச் சொல்ல வேண்டும். 2015 செப்டம்பரில் மூணாறில் பெண் தொழிலாளர்கள் தொழிற்சங்கங்களை ஒதுக்கிவைத்துவிட்டு நடத்திய போராட்டத்துக்குப் பிறகு, கேரளத் தேயிலைத் தொழிலாளியின் நாள்கூலி ரூ. 232 என்பதிலிருந்து ரூ. 301 ஆக உயர்ந்தது. அதன்பின் மேலும் திருத்தங்கள் வந்தன. ஆனாலும் மாதம் முழுவதும் கொழுந்து கிள்ளும் தாயின் வருவாய், கேரள அரசின் கடைநிலை எழுத்தர் ஒருவரின் அடிப்படை ஊதியத்தைத் தொடாது. 2000ஆம் ஆண்டு வாக்கில் தேயிலை விலை சரிந்து பீர்மேட்டில் தோட்டங்கள் மூடப்பட்டபோது, அந்தக் கூலியும் நின்றுபோனதை அந்த லயங்களில் வளர்ந்தவர்கள் அறிவார்கள். அப்படியொரு வீட்டிலிருந்து வரும் மாணவிக்குப் பட்டம் முடித்த மறுமாதமே சம்பளம் வேண்டும். ஐந்தாண்டு ஆய்வு, அதன்பின் ஒப்பந்தம், அதன்பின் காத்திருப்பு என்ற பாதை அவருக்கானதன்று.

அவருக்குத் தெரிந்த பாதை வேறு. கேரள அரசுப் பணியாளர் தேர்வாணையம் தமிழ்வழித் தொடக்கப்பள்ளி ஆசிரியர், உயர்நிலைப்பள்ளித் தமிழாசிரியர், இடுக்கிக்கும் பாலக்காட்டுக்கும் தமிழும் மலையாளமும் அறிந்த எழுத்தர் ஆகிய பணிகளுக்கு அவ்வப்போது அறிவிக்கை வெளியிடுகிறது. 2019 ஜூலை முதல் கணக்கிடப்பட்ட ஊதியத் திருத்தத்தில் இவற்றின் தொடக்க அடிப்படை ஊதியம் முறையே ரூ. 35,600, ரூ. 41,300, ரூ. 26,500. ஆசிரியப் பணிக்குத் தமிழ்ப் பட்டமோ ஆசிரியர் பயிற்சிப் பட்டயமோ பி.எட். பட்டமோ வேண்டும், தகுதித் தேர்வில் தேற வேண்டும். எழுத்தர் பணிக்கு இரு மொழிகளும் தெரிந்தால் போதும். மொழியியல் முதுகலைக்கு இந்த மூன்றில் எதிலும் தனி மதிப்பெண் கிடையாது. ஆகவே மூணாறு அரசுக் கல்லூரியிலோ சித்தூர் அரசுக் கல்லூரியிலோ தமிழ் படித்துவிட்டு பி.எட். சேர்வதுதான் எல்லைத் தமிழரின் வழக்கமான கணக்கு. தவறான கணக்கு என்று சொல்ல முடியாது.

ஆனால் அந்தப் பள்ளிக்கூடத்துக்குள்ளேயே மொழியியல் படித்தவருக்கு வேலை காத்திருக்கிறது. 2017இல் கேரளம் பத்தாம் வகுப்புவரை மலையாளத்தைக் கட்டாயப் பாடமாக்கியது. வீட்டில் தமிழ் பேசும் குழந்தைக்கு மலையாளம் இரண்டாம் மொழி. பார்த்தால் அண்டை மொழி, எளிது என்று தோன்றும். அண்டை மொழி என்பதால்தான் சிக்கல். ஒரே வேர்ச்சொல் இரு மொழிகளிலும் வெவ்வேறு பொருளில் வழங்கும். பேச்சில் புரிந்துவிடும், எழுத்தில் சறுக்கும். தமிழ் எழுத்தில் 'க' ஒன்று. மலையாளத்தில் அதற்கு நான்கு வரி எழுத்துகள். வல்லின ஒலி எங்கே மெலிகிறது என்பதைத் தமிழ்க் குழந்தை இடம் பார்த்து அறியும். மலையாளம் அதை எழுத்தாலேயே காட்டும். தமிழ் வினைமுற்று, செய்தவர் நானா அவளா என்று சொல்லிவிடும்; மலையாள வினைமுற்று சொல்லாது. மலையாளத் தாய்மொழிக் குழந்தைக்கு எழுதிய பாடநூலை அப்படியே இந்தக் குழந்தையிடம் கொடுத்தால், இவையெதுவும் அதில் விளக்கப்பட்டிருக்காது. இரு மொழிகளையும் ஒப்பிட்டு, பிழை எங்கே வரும் என்று முன்கூட்டியே கணித்துப் பாடம் வகுப்பதுதான் பயன்பாட்டு மொழியியலின் முதல் பாடம். 1957இல் எடின்பரோ பல்கலைக்கழகம் இதற்கெனத் தனிப் பள்ளியைத் தொடங்கியபோது, பிற மொழியினருக்கு ஆங்கிலம் கற்பிப்பதே அதன் முதன்மைக் கவலையாக இருந்தது. பீர்மேட்டின் கவலையும் அதே வகையைச் சேர்ந்ததுதான்; மொழிகள் மட்டுமே வேறு.

அண்மை ஆண்டுகளில் சிக்கல் இன்னொரு அடுக்கு கூடியிருக்கிறது. தமிழ்த் தொழிலாளிகளின் பிள்ளைகள் தோட்டத்தை விட்டு வெளியேற, அந்த இடங்களுக்கு ஜார்க்கண்ட், அசாம் மாநிலத் தொழிலாளர்கள் வந்துகொண்டிருக்கிறார்கள். தமிழ், மலையாள வகுப்பில் இப்போது மூன்றாவது, நான்காவது தாய்மொழிகள். வெளிமாநிலத் தொழிலாளர்களுக்கு மலையாளம் கற்பிக்கக் கேரள எழுத்தறிவு இயக்கம் 'சங்ஙாதி' என்ற திட்டத்தைத் தொடங்கி, 'ஹமாரி மலையாளம்' என்ற பாடநூலையும் தயாரித்தது. இந்தி வழியாக மலையாளம் கற்பிக்கும் நூல் அது. வீட்டில் சந்தாலியோ சாத்ரியோ பேசும் தொழிலாளிக்கு இந்தியே இரண்டாம் மொழி என்பதை எண்ணிப் பார்த்தால், இந்தத் துறையில் செய்ய வேண்டியது எவ்வளவு என்று விளங்கும்.

இதே மலையில் இன்னும் சிறிய மொழிகளும் இருக்கின்றன. குமுளியில் மன்னான், பளியர் குடிகள். வண்டிப்பெரியாற்றுக்கு அருகே வஞ்சிவயலில் ஊராளிகள். தமிழுக்கு நெருங்கிய, ஆனால் தமிழாகவோ மலையாளமாகவோ சுருக்கிவிட முடியாத பேச்சு வழக்குகள் இவர்களுடையவை. 10,000 பேருக்கும் குறைவானோர் பேசும் மொழிகளைப் பதிவு செய்ய மத்திய அரசு 2013இல் திட்டம் வகுத்தது. இலக்கணம், அகராதி, ஒலிப்பதிவு எல்லாம் தயாராக வேண்டும். களப்பணிக்கு மைசூரிலிருந்து ஆள் வர வேண்டியிருக்கிறது. அங்கேயே பிறந்து, அந்தப் பேச்சைக் காதால் கேட்டு வளர்ந்தவருக்கு அந்தப் பட்டம் இருந்தால் வேலையும் நன்றாக நடக்கும், செலவும் குறையும். வயநாட்டில் பழங்குடிச் சமூகங்களைச் சேர்ந்த படித்த இளைஞர்களையே தொடக்கப்பள்ளிகளில் வழிகாட்டி ஆசிரியர்களாக அமர்த்தும் திட்டத்தைக் கேரளம் 2017இல் கொண்டுவந்தது. ஊர்க்காரருக்கே மொழிப்பணியைக் கொடுக்கலாம் என்பதற்கு முன்மாதிரி அந்த மாநிலத்திலேயே இருக்கிறது.

நீதிமன்றத்தின் கதையும் இதுதான். பீர்மேட்டில் முன்சீப் நீதிமன்றமும் மாஜிஸ்திரேட் நீதிமன்றமும் உள்ளன. குற்றம் சாட்டப்பட்டவருக்குப் புரியாத மொழியில் சாட்சியம் அளிக்கப்பட்டால், திறந்த நீதிமன்றத்தில் அவருக்குப் புரியும் மொழியில் அதை விளக்க வேண்டும் என்பது குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 279ஆவது பிரிவு. அதன் இடத்துக்கு வந்த 2023ஆம் ஆண்டின் சட்டத்திலும் இந்த விதி நீடிக்கிறது. விளக்குபவர் அதற்கான பயிற்சி பெற்றவராக இருக்க வேண்டும் என்று பழைய சட்டமும் சொல்லவில்லை. புதிய சட்டமும் சொல்லவில்லை. அமெரிக்கக் கூட்டாட்சி நீதிமன்றங்களில் மொழிபெயர்ப்போருக்கான தகுதியை 1978லேயே ஒரு சட்டம் ஒழுங்குபடுத்தியது. அந்நாட்டில் மொழிபெயர்ப்பாளர்களின் இடைநிலை ஆண்டு ஊதியம் 2023 மே மாதக் கணக்குப்படி 57,090 டாலர். டாலரை ரூபாயாக்கிப் பெருமூச்சு விடுவதற்காக இதைச் சொல்லவில்லை. அது ஒரு தொழிலாக, தேர்வும் சான்றிதழும் உள்ள தொழிலாக அங்கே அங்கீகரிக்கப்பட்டிருக்கிறது என்பதே செய்தி. நமக்கு இன்னும் நெருக்கமான இலங்கையில், புதிதாகச் சேரும் அரசு ஊழியர்கள் 5 ஆண்டுகளுக்குள் இரண்டாவது ஆட்சிமொழியில் தேர்ச்சி பெற வேண்டும் என்று 2007இல் சுற்றறிக்கை வந்தது. நடைமுறையில் குறைகள் ஏராளம். ஆயினும் மொழி அறிவுக்குப் பணிப்பதிவேட்டில் ஓர் இடம் கிடைத்தது.

கணினி தரும் கூலி

தனியார் துறையைப் பேசாமல் இந்தக் கணக்கு முடியாது. 2022 ஜூலையில் பிரதமர் நரேந்திர மோடி 'பாஷிணி' என்ற மொழிபெயர்ப்புத் தளத்தைத் தொடங்கிவைத்தார். அதே மாதம் சென்னை ஐ.ஐ.டி.யில் இந்திய மொழிகளுக்கான செயற்கை நுண்ணறிவு மையத்துக்கு நந்தன், ரோகிணி நிலேகணி தம்பதியர் ரூ. 36 கோடி வழங்கினர். உச்ச நீதிமன்றம் 2019 முதல் தீர்ப்புகளை மொழிபெயர்க்க 'சுவாஸ்' என்ற மென்பொருளைப் பயன்படுத்திவருகிறது. இந்திய மொழிகளில் 5 ஆண்டுகளில் 22,000 நூல்களைக் கொண்டுவர 2024 ஜூலையில் பல்கலைக்கழக மானியக் குழு திட்டம் அறிவித்தது. இவற்றுக்கெல்லாம் மொழித் தரவு வேண்டும். தரவைத் திருத்த, தரம் பிரிக்க, பேச்சைக் கேட்டு எழுத, இயந்திரம் செய்த மொழிபெயர்ப்பைச் சீராக்க ஆள் வேண்டும்.

இதில் இரண்டு வகை வேலைகள் உள்ளன. இலக்கணமும் நிரல் எழுதுதலும் சேர்ந்து தெரிந்தவருக்கு மென்பொருள் பொறியாளருக்கு நிகரான மாதச் சம்பளம் கிடைக்கிறது. பாலக்காடு மாவட்டம் ஸ்ரீகிருஷ்ணபுரம் அரசுப் பொறியியல் கல்லூரியில் கணினி மொழியியலில் எம்.டெக். படிப்பு நடத்தப்பட்டது பலருக்குத் தெரியாது. எல்லைத் தமிழருக்கு எட்டும் தொலைவில் அமைந்த வாய்ப்பு அது. நிரல் தெரியாத மொழியியல் பட்டதாரிக்குக் கிடைப்பது பெரும்பாலும் துண்டு வேலை. சொல்லுக்கு இத்தனை பைசா, மணிக்கு இத்தனை ரூபாய். கொழுந்தை நிறுத்துக் கூலி வாங்கிய தாயின் மகள், லயத்து வாசலில் மடிக்கணினியை வைத்துக்கொண்டு வாக்கியத்தை எண்ணிக் கூலி வாங்குகிறாள். தோட்டத் தொழிலாளிக்காவது 1951ஆம் ஆண்டின் தோட்டத் தொழிலாளர் சட்டம் வீடும் மருத்துவமும் உறுதி செய்தது. இணையத்தில் தரவு திருத்துபவருக்கு அப்படி எந்தப் பாதுகாப்பும் பெரிதாக இல்லை. இயந்திரம் மேம்பட மேம்பட, எளிய திருத்த வேலைகள் குறையும் என்பதையும் கணக்கில் எடுக்க வேண்டும்.

கேரளத்தில் மொழியியலை ஒரு துறையாக நிறுவியவரே எல்லைத் தமிழர் என்பது இந்தத் தலைமுறைக்கு அதிகம் தெரியாத செய்தி. நாகர்கோவில் வடசேரியில் பிறந்த வ.அய். சுப்பிரமணியம் கேரளப் பல்கலைக்கழகத்தில் 1963இல் மொழியியல் துறையைத் தோற்றுவித்தார். 1971இல் திராவிட மொழியியல் கழகம், பின்னர் திருவனந்தபுரத்தில் பன்னாட்டுத் திராவிட மொழியியல் பள்ளி, 1981இல் தஞ்சைத் தமிழ்ப் பல்கலைக்கழகத்தின் முதல் துணைவேந்தர் பதவி என்று அவர் பணி விரிந்தது. மலையாளக் கிளைமொழிகளைக் களத்தில் இறங்கி ஆய்வு செய்யும் திட்டத்தை வழிநடத்தியவரும் அவரே. மலையாளிகளின் பேச்சுமொழியை ஒரு தமிழர் தலைமையில் அளந்தார்கள் என்பதில் அன்று யாருக்கும் உறுத்தல் இருக்கவில்லை.

இன்று உறுத்தல்கள் கூடியிருக்கின்றன. 2025 அக்டோபரில் கேரள சட்டப்பேரவை மலையாள மொழி மசோதாவை நிறைவேற்றியது. காசர்கோடு கன்னடர்களை முன்னிட்டு, கர்நாடக முதல்வர் என்ற முறையில் சித்தராமையா 2026 ஜனவரியில் எதிர்ப்புத் தெரிவித்துக் கடிதம் எழுதினார். தமிழ், கன்னடச் சிறுபான்மையினர் தலைமைச் செயலகத்துடனும் துறைத் தலைவர்களுடனும் உள்ளூர் அலுவலகங்களுடனும் தாய்மொழியில் கடிதம் எழுதலாம், பதிலும் அதே மொழியில் தரப்படும் என்று மசோதாவிலேயே பாதுகாப்பு இருப்பதாக பினராயி விஜயன் அரசு விளக்கம் அளித்தது. பாதுகாப்பு இருப்பது உண்மையே. அந்தப் பதிலைத் தமிழில் எழுதப்போவது யார் என்பதை மசோதாவின் ஆதரவாளர்களும் கேட்கவில்லை, எதிர்ப்பாளர்களும் கேட்கவில்லை. பீர்மேடு, தேவிகுளம், உடும்பஞ்சோலை ஆகிய மூன்று வட்டங்களின் தாலுகா அலுவலகங்களிலும் நீதிமன்ற வளாகங்களிலும் கல்வி அலுவலகங்களிலும் தகுதி பெற்ற ஒரு மொழிபெயர்ப்பாளர் பணியிடம் என்று வைத்துக்கொண்டாலும், தேவைப்படுவோர் சில பத்துப் பேர்களே. மாநில அரசின் ஊதியச் செலவில் அது கண்ணுக்குத் தெரியாத தொகை. இடுக்கி, பாலக்காடு மக்களவை உறுப்பினர்கள் கேள்வி நேரத்தில் 1956 குறிப்பாணையின் 15 சதவீத விதி எந்தெந்த வட்டங்களில் நடைமுறையில் உள்ளது என்று ஒரு கேள்வி கேட்டால், சிறுபான்மையினர் விவகார அமைச்சகம் எழுத்துபூர்வமாகப் பதில் தந்தாக வேண்டும். அதிலிருந்து தொடங்கலாம்.

அதுவரை இந்தப் படிப்பை விரும்பும் மாணவர்கள் இரண்டு பிடிமானங்களுடன் இறங்குவது நல்லது. இளங்கலையில் தமிழோ மலையாளமோ படித்து, பி.எட். முடித்துவிட்டு, மொழியியல் முதுகலைக்குச் செல்பவருக்கு ஆசிரியப் பணியின் கதவு மூடாது. இளங்கலையில் கணினி படித்தவர் மொழியியலுக்கு வந்தால் தொழில்நுட்ப நிறுவனங்களில் மதிப்பு. மலையாளம் எழுதப் படிக்கத் தெரிவது இருவருக்குமே முதலீடு. தமிழ்நாட்டு மாணவருக்கு இல்லாத அந்த இருமொழித் திறன் பீர்மேட்டு மாணவருக்குத் தெருவிலேயே கிடைக்கிறது. ஹைதராபாத் உள்ளிட்ட மத்தியப் பல்கலைக்கழகங்களில் முதுகலைச் சேர்க்கை பொது நுழைவுத் தேர்வின் வழியாக நடைபெறுகிறது. தேசியத் தகுதித் தேர்வு ஆண்டுக்கு இருமுறை, ஜூன், டிசம்பர் பருவங்களில் நடத்தப்படுகிறது. மொழியியல் அதில் ஒரு தனிப் பாடம்.